டிஸ்பிளே வரவேண்டிய தேதி

சொன்ன தேதிக்குச் சரக்கு வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, மேடம். பழக்கதோஷம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் வேலையில் பதினேழு வருஷம் இருந்தவன் நான். தோல் தயார், அடிப்பாகம் தயார், தைக்கிற பெண்கள் மெஷினில் உட்கார்ந்தாயிற்று. ஆனால் சீனாவிலிருந்து வரவேண்டிய பித்தளை பக்கிள் மட்டும் சென்னைத் துறைமுகத்தில் நிற்கிறது என்றால், இரண்டாயிரம் ஜோடியும் அப்படியே நிற்கும். முதலாளி என்னைத்தான் கூப்பிட்டுக் கிழிப்பார். பக்கிளைக் கூப்பிட மாட்டார்.

நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன், எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் எழுதுகிற அந்தக் கான்ஸ்டபிள் தம்பியிடம் முதலில் டிஸ்பிளேயைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். ஆட்கள் செத்ததைப் பிறகு எழுதட்டும். அந்த டிஸ்பிளே ஒழுங்காக ஒரு வாரத்தில் வந்திருந்தால் என் மனைவி டோரதியும் இருப்பாள், செல்போன் கடை நவீன்குமாரும் இருப்பான். இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

டோரதி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ரயிலில் காட்பாடி போய் அங்கிருந்து பஸ் பிடிப்பாள். அவளுக்குச் சம்பள பாக்கி மொத்தமாக வந்தபோது ஒரு டச் போன் வாங்க ஆசைப்பட்டாள். பட்டன் போனே எல்லாருக்கும் போதுமாக இருந்த சமயம். விளம்பரம் தீபாவளிக்கு வந்தது, செட் பொங்கலுக்குத்தான் வந்தது. பெயர் எழுதி வைத்து, வாரம் ஒரு தடவை கடைக்குப் போய் நின்று, குழந்தை மாதிரி காத்துக்கிடந்து வாங்கினாள். நான் அன்றைக்கே சொன்னேன். ஸ்பேர் கிடைக்காத சாமானை வாங்காதே, கம்பெனிக்காரனுக்குப் புது செட்டை விற்பதில்தான் கண் இருக்கும், உடைந்தால் நீதான் நடையாய் நடக்கணும் என்று சொன்னேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

மார்ச் மாதம் முதல் வாரத்தில் போன் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. மேல் கண்ணாடி மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, உள்ளே இருக்கிற டிஸ்பிளேயும் போய்விட்டது. போன் உயிரோடுதான் இருந்தது. கூப்பிட்டால் மணி அடிக்கும், ஆனால் எடுக்க முடியாது, எதையும் பார்க்க முடியாது. பஜாரில் நவீன்குமார் என்று ஒரு பையன் கடை வைத்திருந்தான். இருபத்தாறு வயசு, திருப்பத்தூர் பக்கம், சென்னையில் வேலை கற்றவன். டச் போனைத் தொடுகிற தைரியம் ஆம்பூரில் அன்றைக்கு அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது. டோரதி அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவன் சென்னைக்கு ஆர்டர் போட்டான். சென்னைக்காரன், எங்களுக்கே சீனாவிலிருந்து வரணும் என்றான். இரண்டு வாரம் கழித்து ஒரு டிஸ்பிளே வந்தது, அது வேறு மாடலுக்கானது. திருப்பி அனுப்பினான். அப்புறம் சீனாவில் ஏதோ விடுமுறை என்றார்கள், அப்புறம் கஸ்டம்ஸ் என்றார்கள். கடைசியில் நவீன், டிஸ்பிளே வந்ததும் அங்கேயே மாற்றட்டும், அவர்களிடம்தான் அதற்கான மெஷின் இருக்கிறது என்று செட்டையே சென்னைக்கு அனுப்பிவிட்டான். எனக்கு இதெல்லாம் புதிதில்லை. பக்கிளுக்கும் இதே கதைதான் சொல்வார்கள்.

ஒரு திருத்தம், மேடம். போன் கீழே விழுந்தது என்று சொன்னேன். நான்தான் அதை அவள் கையிலிருந்து பிடுங்கி அடித்தேன். முதலில் அவள் நெற்றியில் பட்டது, பிறகு சுவரில் பட்டது. நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் அதை நோண்டிக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷன் பேசும்போது முகத்தைப் பார்க்க வேண்டாமா? மூன்று தையல் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் அலமாரிக் கதவு இடித்தது என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடிப்பேனா என்று கேட்டீர்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். குழம்பில் உப்பு என்று அடிக்கிற முரடன் இல்லை நான். காரணம் இருந்தால் கை நீட்டுவேன், அதுவும் கத்தாமல். ரயில் லேட் என்று சொல்லி ஏழு மணிக்கு வருவாள். நான் ஸ்டேஷனில் விசாரித்து வைத்திருப்பேன், ரயில் ஆறு பத்துக்கே வந்திருக்கும். அந்த ஐம்பது நிமிஷத்துக்குக் கணக்குக் கேட்பது தப்பா? ஒரு தடவை பெல்ட், ஒரு தடவை விரல், இடது கைச் சுண்டு விரல். அது கட்டுப்போட்டு ஒரு மாதத்தில் கூடிவிட்டது.

போன வருஷம் வேலூர் பாகாயத்தில் இருக்கிற அவள் தங்கை ஜெனிஃபா வீட்டுக்குப் போய்ப் புகார் வைத்தாள். சபைப் பெரியவர்கள் நாலு பேர் வந்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறவன், என் குரலை அவர்கள் கேட்டுப் பழகியவர்கள். டோரதி அழுதாள், கத்தினாள், சேலையை விலக்கி முதுகைக் காட்டப் பார்த்தாள். நான் அமைதியாக உட்கார்ந்து, அவளுக்கு வேலைப்பளு அதிகம், தூக்கமில்லை என்று சொன்னேன். அவர்களே அவளுக்குப் புத்தி சொல்லி என்னோடு ஆம்பூருக்கு அனுப்பி வைத்தார்கள். ஜெனிஃபா மட்டும் பஸ் ஸ்டாப் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். அவளை எனக்கு எப்போதுமே பிடிக்காது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசி. போன் ரிப்பேருக்குப் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது. கோயில் முடிந்து வீட்டுக்கு வந்தோம். பகல் கரண்ட் கட், மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. டோரதி படியில் ஏறும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். வருஷக்கணக்கில் அவள் வீட்டுக்குள் பாடி நான் கேட்டதில்லை. பின்னாலேயே மாடிக்குப் போய், என்ன விசேஷம் என்று கேட்டேன். துணியை எடுத்துக்கொண்டு இறங்கப்போனவள் மேல்படியில் என் பக்கம் திரும்பி நின்றாள். பயமே இல்லை முகத்தில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நவீன் தம்பி வெள்ளிக்கிழம டிஸ்ப்ளே வந்துடும்னு சொல்லிட்டாரு," என்றாள். "அந்த போன்ல பதினாலு தடவ ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கேன். நீங்க பேசனது, அடிச்சது, எல்லாம் இருக்குது. அது கைக்கு வந்ததும் ஜெனிஃபா வூட்டுக்கு போய்டுவேன். பெரியவங்க கேக்கட்டும், போலீஸ் கேக்கட்டும். அதுக்கோசரம்தான் இத்தினி வாரம் இங்க இருந்தேன்."

யோசித்துப் பாருங்கள், மேடம். ஏழு வாரம் ஒரே வீட்டில் சமைத்துப் போட்டு, துணி துவைத்துப் போட்டு, மனசுக்குள் டிஸ்பிளேக்காக நாள் எண்ணியிருக்கிறாள். வெறும் கையோடு போனால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். நம்பவைக்கிற சாமான் சென்னையில் கண்ணாடி இல்லாமல் கிடந்தது.

எங்கள் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. சரக்கு கைக்கு வரும் முன்னால் ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரனுக்குத் தேதி சொல்லக் கூடாது. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். சாப்பிடும்போது டோரதிக்கும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சப்ளையர் வெள்ளிக்கிழமை என்றால் அது அவனுடைய ஆசை, தேதி இல்லை. பன்னிரண்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியும் அவளுக்கு அது ஏறவில்லை. ஒரு கடைக்காரன் வாய்ச்சொல்லை நம்பி என்னிடம் தேதி சொல்லிவிட்டாள். உண்மையில் அந்த டிஸ்பிளே வர இன்னும் நாலு வாரம் ஆயிற்று.

அவள் படியில் தவறி விழுந்தாள் என்று அப்போது எழுதிக் கொடுத்தேன். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளினேன். பதினொரு படி. கடைசிப் படியில் தலை பட்ட சத்தம் தேங்காய் உடைத்த மாதிரி இருந்தது.

ஆனால் உயிர் உடனே போகவில்லை. கண் திறந்திருந்தது. நர்ஸ் இல்லையா, எனக்கே என்ன செய்யணும் என்று சொன்னாள். "கழுத்த அசைக்காதீங்க. காலு மரத்துப்போச்சு. நூத்தியெட்டுக்கு போன் பண்ணுங்க." மூன்று தடவை சொன்னாள், அதே வரிசையில். போன் என் சட்டைப்பையில் இருந்தது, சிக்னலும் இருந்தது. நான் கீழ்ப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் காதிலிருந்து ரத்தம் வந்து சிமெண்டில் ஓடியது. என் வேட்டியில் படாமல் காலைத் தள்ளி வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் என் பெயரைச் சொன்னாள், அப்புறம் ஜெனிஃபா பெயரைச் சொன்னாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் லேட்டானாலே கொதிக்கிறவன், அவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்தேன். பிறகு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

அடக்கத்தன்று ஜெனிஃபா என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அக்கா போன் எங்கே என்று. டிஸ்பிளே இன்னும் வரலை என்றேன். சுற்றி நின்றவர்களெல்லாம் ஆமாமா, அந்த மாடலுக்கு ஒண்ணுமே கிடைக்கலை, என் மச்சானும் காத்திருக்கான் என்றார்கள். ஒருத்தர் கம்பெனிக்காரனைத் திட்டினார். அதற்கு மேல் அவளால் என்ன பேச முடியும்?

ரிப்பேர் சீட்டின் கார்பன் நகல் டோரதியின் யூனிஃபார்ம் பாக்கெட்டில் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. போன் பூட்டைத் திறப்பதற்காகக் கடைக்காரர்கள் சீட்டில் ஒன்பது புள்ளி வைத்து, எந்தப் புள்ளியிலிருந்து எங்கே இழுக்கணும் என்று கோடு போட்டு வாங்கிக்கொள்வார்கள். அவள் கையாலேயே கோடு போட்டிருந்தாள். கட்டின புருஷன் எத்தனையோ தடவை கேட்டும் காட்டாததை ஒரு செல்போன் கடைக்காரனுக்குக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறாள். கீழே இன்னொரு நம்பர் என்ற இடத்தில் ஜெனிஃபாவின் நம்பர். பன்னிரண்டு வருஷத்தில் என் நம்பர் எழுத அவளுக்கு ஒரு இடம் கிடைக்கவில்லை.

செட்டை ரிப்பேர் செய்யாமலே வாங்கிக்கொள்கிறேன் என்று நவீனிடம் போய்ச் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டான். சிஸ்டருக்காக எப்படியாவது சரி பண்ணித் தருகிறேன், போட்டோவெல்லாம் இருக்கும் சார், காசே வேண்டாம் என்றான். சென்னைக்காரனோ இதோ அதோ என்று இழுத்தான். நாலு வாரம், வெள்ளிக்கிழமை தவறாமல் போனேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மாவுக்காக எங்கள் கம்பெனியில் இரண்டரை மணி வரை இடைவேளை. கூரியர் வருவதும் அந்த நேரம்தான்.

மே கடைசி வெள்ளியன்று பார்சல் வந்தது. பன்னிரண்டே முக்கால். பஜாரில் கடையெல்லாம் சாத்தி எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் சத்தம்கூட இல்லை, தெரு அத்தனை நிசப்தம். நவீன் பார்சலைப் பிரித்தான். புதுக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. அப்படியே கொடு தம்பி என்றேன். செக் பண்ணாமல் கொடுத்தால் கடைக்குக் கெட்ட பெயர் சார் என்றான். எங்கள் கம்பெனியில் நானும் அப்படித்தான், பார்க்காமல் ஒரு பெட்டியை உள்ளே விட மாட்டேன். அந்த ஒரு விஷயத்தில் அவன் என் ஜாதி.

கடையில் இருந்த சீட்டை எடுத்து, அதிலிருந்த கோட்டைப் பார்த்துப் பூட்டைத் திறந்தான். கேமரா பார்த்தான். நாலு மூலையிலும் விரலைத் தேய்த்து டச் பார்த்தான். ஸ்பீக்கர் சரியா என்று பார்க்க, போனில் இருக்கிற ஏதாவது ஒன்றைச் சத்தமாக ஓடவிடுவார்கள். அவன் முதலில் கண்ணில் பட்ட ரெக்கார்டிங்கைத் தட்டினான்.

முதலில் பாத்திரச் சத்தம் வந்தது. பிறகு அடி விழுகிற சத்தம், பிறகு அவள் குரல், வேணாங்க, வேணாங்க என்று. நவீன் அதை நிறுத்தவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"சார், இது சிஸ்டர் கொரலு," என்றான். பிறகு, "திட்றது நீங்களா?" என்றான்.

போனைக் கொடு தம்பி என்று மரியாதையாகக் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன், அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"இத உங்ககிட்ட தர மாட்டேன் சார். சீட்டுல ஜெனிஃபா மேடம் நம்பர் இருக்குது. அவங்களுக்குதான் போன் பண்ணப்போறேன்."

போனைப் பின்னால் மறைத்துக்கொண்டான். மூலையில் ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பி சாய்ந்திருந்தது. அதை எடுத்து முதலில் ஷட்டரை இறக்கினேன். அவன் ஏன் சார் மூடறீங்க என்று கேட்டான். அதற்குள் வாய் மேல் முதல் அடி விழுந்துவிட்டது. இரண்டாவது அடிக்குக் கையைக் குறுக்கே நீட்டினான், மணிக்கட்டு முறிந்தது. மேஜைக்குக் கீழே புகுந்தான். கொக்கியைக் கழுத்தில் மாட்டி வெளியே இழுத்தேன். சிஸ்டர் சிஸ்டர் என்றான், செத்தவளைக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? ஆறோ ஏழோ அடி தலையில் விழுந்திருக்கும். ஐந்தாவது அடிக்குப் பிறகு அவன் அசையவில்லை. மற்றது தேவையில்லாதது, ஒத்துக்கொள்கிறேன்.

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்து எடுத்தேன். நிறுத்த விரலை வைத்தால் நிற்கவில்லை. ஈரக் கையால் தொட்டால் அந்த மாதிரிக் கண்ணாடிக்குக் கேட்காது. சட்டையில் துடைத்தேன், சட்டையும் ஈரம். ஒன்று முடிந்து அடுத்தது தானாக ஆரம்பித்தது. பெல்ட் நாள், விரல் நாள், ஒவ்வொன்றாக வந்தது. பேட்டரியைக் கழற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கழற்றியிருக்கலாம். தரையில் போட்டு மிதித்திருக்கலாம். ஆனால் நான் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன். அவள் வீட்டில் அவ்வளவு பேசியிருக்கிறாள் என்றே எனக்குத் தெரியாது.

பக்கத்து வாட்ச் கடை சத்தார் பாய் தொழுகை முடிந்து வந்து ஷட்டரைத் தூக்கியபோது பதினோராவது ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் தெருவே நின்றது. வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக அத்தனை பேர். மிச்சம் மூன்றையும் எல்லாரும் நின்று கேட்டார்கள். பிறகு சத்தார் பாய் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார், உங்கள் ஆட்கள் வருகிற வரைக்கும் யாரையும் என்னைத் தொட விடவில்லை.

ஆகவே இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். டோரதியை நான் தள்ளினேன், சாகும்வரை பக்கத்தில் இருந்தேன். நவீன்குமாரை நான் அடித்துக் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நேற்று நீங்கள் அந்த ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டி, இப்படி நாய் மாதிரிக் குரைப்பது நீங்கள்தானே என்று கேட்டீர்கள். ஜெனிஃபாவும் அந்த மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் மட்டும் என்னால் கையெழுத்துப் போட முடியாது, மேடம். சென்னைக்காரன் டிஸ்பிளேயோடு ஸ்பீக்கரையும் மாற்றியிருக்கிறான். சென்னையிலிருந்து வந்த பார்சல் கவரில் எழுதியிருக்கிறது, ஒரிஜினல் கிடைக்கவில்லை, லோக்கல் போட்டிருக்கிறது என்று. லோக்கல் சாமான் எப்படி இருக்கும் என்று என்னைவிடத் தெரிந்தவர் யார்? கம்பெனிக்கு எழுதி ஒரிஜினல் ஸ்பீக்கர் வரவழையுங்கள், எத்தனை வாரம் ஆனாலும் நான் காத்திருக்கிறேன். அதில் போட்டுக் கேட்டால், நான் அவளிடம் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.